பழைய ஏடிசிக்குக் கோப்பெங்கில் என்ன விலை?

பழைய மூன்று சக்கர ஏடிசி ஒன்றை விற்க வருகிறவர் பெரும்பாலும் மூன்று காரணம் சொல்லித்தான் விலையை ஏற்றுவார். ஒன்று, வண்டியின் வயது. இரண்டு, இந்த மாதிரி வண்டி இனிமேல் வராது என்பது. மூன்று, கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்பது. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோப்பெங்கில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவரோ, நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவரோ, பழைய மோட்டார் சேர்க்கும் இளைஞரோ பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள், யார் ஓட்டப் போகிறார்கள், வண்டியின் கழுத்தும் பின் அச்சும் எப்படி இருக்கின்றன, கையில் என்ன தாள் இருக்கிறது? விலை இந்த நான்கில்தான் நிற்கிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஹோண்டாவின் மூன்று சக்கர ஏடிசியை. யமஹா, கவாசாக்கி, சுசுகி ஆகியவையும் மூன்று சக்கர வண்டிகள் செய்தன. ஆனாலும் அந்த இனத்தைத் தொடங்கி வைத்ததும், அதிக வகை மாடல்களைக் கொடுத்ததும் ஹோண்டாதான். மதிப்பிடும் முறை மற்றவற்றுக்கும் பொருந்தும்.

இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று தெரியாமல் அதை எடைபோட முடியாது. அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் மோட்டார் விற்பனை படுத்துவிடும். அந்த மாதங்களில் விற்க ஏதாவது செய்து கொடுங்கள் என்று 1967இல் அமெரிக்க ஹோண்டா கேட்டது. பொறியாளர் ஒசாமு தாக்கேயுச்சி பனியிலும் சேற்றிலும் மணலிலும் ஓடக்கூடிய ஒன்றைத் தேடினார். சக்கரங்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பல வடிவங்களைச் சோதித்தபின் மூன்றில் வந்து நின்றார். ஆம்ஃபிகேட் என்ற அமெரிக்க ஆறு சக்கர நீர் நில வண்டியின் பருத்த டயர்தான் அவருக்கு வழி காட்டியது. 1970இல் யுஎஸ்90 என்ற பெயரில் வெளிவந்தது: 89 சிசி எஞ்சின், விலை 595 டாலர். பிறகு பெயர் ஏடிசி90 ஆயிற்று. 1971இல் வந்த 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டித் தப்புவது இதைத்தான்.

அந்த முதல் வண்டியில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. டயரே அந்த வேலையைச் செய்தது. நம் கப்சாய் மோட்டார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டை ஒட்டிக் காற்று அடைப்போம். ஏடிசி டயருக்கு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல் போதும். கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகும். அவ்வளவு மெத்தென்ற டயர் மணலைக் கிழித்துக்கொண்டு புதையாது, மேலே மிதந்து போகும். இந்த வண்டியில் உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் டயரைத்தான் சொல்வேன், மூன்று சக்கரத்தை அல்ல. இன்றைய நான்கு சக்கர ஏடிவிகள் அந்த டயரை வைத்துக்கொண்டு மூன்று சக்கர அமைப்பைக் கைவிட்டதே அதற்குச் சான்று.

இப்போது கோப்பெங்குக்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கின் இந்தப் பகுதி ஈயத்தால் உருவானது. மலையிலிருந்து பெருங்குழாய்களில் நீரைக் கொண்டுவந்து, அழுத்தத்தோடு பீய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த ஊர் இது. மண் கரைந்து ஈயம் பிரிந்தபின் மிஞ்சியது வெள்ளை மணல்வெளியும் லம்பக் குட்டைகளும். 1985 அக்டோபரில் உலக ஈய விலை சரிந்து லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அந்த மணல்வெளிகள் ஆளில்லாமல் கிடந்தன. சொல்லப்போனால், ஏடிசிக்கென்றே யாரோ செய்து வைத்த தரை அது. மரமில்லாத, மேடுபள்ளம் குறைந்த, விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும் மணல். ஏடிசி வகைகள் உச்சத்தில் இருந்ததும் அதே 1985தான். கலிபோர்னியாவின் மணல்மேடுகளில் அந்த வண்டி பெற்ற புகழைக் கிந்தாவின் லம்ப மணலிலும் பெற்றிருக்க முடியும்.

ஆனால் அந்தத் தரை இன்று எங்கே? குட்டைகளில் மீன் வளர்கிறது. மணலில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் நிற்பதே பழைய லம்ப நிலத்தில்தான். பத்து காஜா பக்கம் கொஞ்சம் பறவைகளுக்கு விடப்பட்டிருக்கிறது. கோப்பெங்கில் இன்று ஒருவருக்குச் சொந்தமாக ஓட்டக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் வேறு வகை: பால்மரம் போய்ச் செம்பனை வந்த சரிவுகள், உலு கெரோ பக்கம் ஏறும் மலைப்பாதைகள், பழத்தோட்டத்துச் செம்மண் தடங்கள், வேர் குறுக்கிட்ட ஒற்றையடிப் பாதைகள். மதியம் மழை பெய்தால் அந்தச் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். இரண்டு நாள் வெயில் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகும். ஏடிசிக்கு இரண்டுமே ஆகாது.

ஏன் ஆகாது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விலையில் பாதி இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

ஏடிசியின் பின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகக் கோத்தவை. காரில் இருப்பதுபோல், திருப்பத்தில் ஒரு சக்கரத்தை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்றும் என்றால் ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். மணலில் அது எளிதாக வழுக்கும், வண்டி அழகாகத் திரும்பும். இறுகிய செம்மண்ணிலும் தார் ரோட்டிலும் வழுக்காது. ஹேண்டிலைத் திருப்பினாலும் பின்சக்கரங்கள் வண்டியை நேராகவே தள்ளும். ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் போட்டுக்கொண்டே வெளிக்கால் பெடலில் பாரத்தை அழுத்தி, உள்சக்கரத்தை லேசாக்க வேண்டும். பழகியவருக்கு இது ஒரு வித்தை, மற்றவருக்கு விபத்து.

அடுத்தது கவிழ்தல். வண்டியும் ஆளும் சேர்ந்த பாரத்தின் மையம், பின் அச்சிலிருந்து முன்சக்கரம் வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே அகலமுள்ள நான்கு சக்கர வண்டிக்கு அந்த இடத்தில் கிடைக்கும் தாங்கும் அகலத்தில், மூன்று சக்கர வண்டிக்கு மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் நகரும். முக்கோணத்தின் அகலம் குறுகும் பக்கமும் அதுதான். அதாவது, வண்டிக்கு அதிகப் பிடிமானம் தேவைப்படும் நேரத்தில்தான் அதற்குக் குறைந்த பிடிமானம் கிடைக்கிறது. செம்பனைச் சரிவில் இறங்கிக்கொண்டே திரும்புவது இதற்குச் சரியான உதாரணம்.

மூன்று சக்கரம் என்பதாலேயே ஒரு வண்டி மோசம் என்று ஆகிவிடாது. நம் செம்பனைத் தோட்டங்களில் பாடாங் என்று சொல்லும் இயந்திர எருமைக்கும் மூன்று சக்கரம்தான். ஆனால் அதில் குலை ஏற்றும் தொட்டி முன்னால், அதன்கீழ் இரண்டு சக்கரம், திருப்பும் ஒற்றைச் சக்கரம் பின்னால். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே அகலமும் இருக்கிறது. மெதுவாகத்தான் போகும், ஆனால் குலையைச் சுமக்கப் பிறந்தது. ஏடிசி பனியில் விளையாடப் பிறந்தது.

காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் ஓட்டிப் பழகியவர் வண்டி சாய்ந்தால் தன்னையறியாமல் காலைக் கீழே ஊன்றுவார். கப்சாயில் அது காப்பாற்றும். ஏடிசியில் ஊன்றிய கால் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் இருக்கும். பருத்த டயர் குதிகாலைப் பிடித்து, கெண்டைக்கால்மேல் ஏறி, ஆளைக் கீழே இழுத்துப் போட்டுவிடும். நம்மூர்ப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே தோட்டத்துக்குள் கப்சாய் ஓட்டப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கமே இங்கே அவர்களுக்கு எதிரியாகிறது.

அமெரிக்காவில் காயங்களும் சாவுகளும், அவற்றில் சிறுவர்களின் பங்கும் பெருகியபோது, அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குக்குப் போனது. 1988இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாக்கி, போலாரிஸ் ஆகிய ஐந்தும் நீதிமன்ற உடன்படிக்கைக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது; 90 சிசிக்கு மேற்பட்ட ஏடிவியைப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டன. உடன்படிக்கையின் காலம் பத்தாண்டு. அது முடிந்தபின்னும் எவரும் அந்த வடிவத்துக்குத் திரும்பவில்லை. 2008இல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர ஏடிவியின் இறக்குமதியையும் விற்பனையையும் நேரடியாகவே தடுத்தது.

விலையைப் பற்றிப் பேசுபவர்கள் கவனிக்க வேண்டியது அந்த உடன்படிக்கையின் இன்னொரு பக்கத்தை. கடைகளில் விற்காமல் கிடந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்களே தவிர, ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து வண்டியை மீட்டுப் பணம் தரச் சொல்லவில்லை. எனவே பழைய வண்டிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. புதியது வராது, பழையதற்குத் தடையில்லை என்ற நிலைதான் இன்று 'அபூர்வம்' என்ற பேச்சுக்கு அடிப்படை. யமஹா ஆர்எக்ஸ்-இசட்டின் விலை ஏறியதையும் ஏடிசியின் விலை ஏறுவதையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு. ஆர்எக்ஸ்-இசட்டை மக்கள் ஓட்டி ஓட்டி விரும்பினார்கள். ஏடிசி அபூர்வமானதற்கு முதல் காரணம், அதை விற்பது நிறுத்தப்பட்டது.

"ஓட்டத் தெரியாதவன் ஓட்டினால் எந்த வண்டியும் கவிழும்" என்பது ஏடிசி அன்பர்களின் பதில். இதைப் புறந்தள்ள முடியாது. 250ஆர் என்ற பந்தய ஏடிசியை ஓட்டியவர்கள் அந்த மூன்று சக்கரத்தைச் செய்ய வைத்ததைப் பார்த்தால் வியப்புத்தான் வரும். நான்கு சக்கரத்துக்கு மாறியபின் அமெரிக்காவில் ஏடிவி சாவுகள் நின்றுவிடவும் இல்லை. ஆனாலும் ஒரு வண்டி தன்னை ஓட்டுபவரிடம் எவ்வளவு திறமை கேட்கிறது என்பதும் அதன் மதிப்பில் ஒரு பகுதி. தோட்டத்துக்கு வாங்கும் வண்டியை நாளைக்குத் தம்பி ஓட்டுவான், மறுநாள் வேலையாள் ஓட்டுவார். வித்தை தெரிந்த ஒருவர் கையில் மட்டும் அடங்கும் வண்டிக்கு வேலை வண்டியின் விலையைக் கேட்பது நியாயமில்லை.

இனி, வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம்.

"அண்ணே, அசல் எண்பத்தஞ்சு மாடல், ஒரே இழுப்புல எடுத்துக்கும், கேட்டுப் பாருங்க" என்று அவர் கயிற்றில் கை வைப்பதற்கு முன், "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று சொல்லி எஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் செய்தி. கயிற்றை நீங்களே மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கனமாக எதிர்த்து நிற்க வேண்டும். தங்குதடையில்லாமல் வந்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்துவிட்டது.

ஆனால் எஞ்சினுக்கு நான் முதலிடம் கொடுக்க மாட்டேன். ஏடிசி90, 110 ஆகியவற்றின் படுக்கை எஞ்சின் நம் கப்சாயின் உறவுக்காரன். ஐம்பது வயதைத் தாண்டிய எந்த மோட்டார் ஃபோர்மேனும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோப்பார். சரிசெய்ய முடிந்த குறைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கழுத்தும் பின் அச்சும்.

கழுத்து என்பது ஹேண்டில் தண்டு சட்டத்தோடு சேரும் இடம். அங்கே பெயிண்ட் சுருங்கியோ மயிரிழை போல வெடித்தோ இருந்தால், அல்லது மற்ற இடத்தில் இல்லாத புதுப் பெயிண்ட் அங்கே மட்டும் இருந்தால், வண்டி ஒருமுறை பலமாக விழுந்திருக்கிறது. வெல்டிங் வைத்த கழுத்தை நான் ஏற்க மாட்டேன். முன்னால் இருப்பது ஒரே சக்கரம். கழுத்து விட்டால் வேறு பிடி இல்லை.

பிறகு பின்னால் போய் டயரின் மேல்விளிம்பை இரு கையாலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆடினால் அச்சின் பேரிங் போயிற்று, அது பெரிய செலவில்லை. அடுத்து, ஒருவரைப் பிரேக் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தை முன்னும் பின்னும் திருக்கிப் பாருங்கள். அச்சு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் 'டக், டக்' என்று கொஞ்சம் திரும்பினால், அச்சு முனையின் பல்லும் அதில் மாட்டும் ஹப்பின் பல்லும் தேய்ந்துவிட்டன. இது பழைய ஏடிசிகளின் தலைவலி. இரண்டையும் மாற்ற வேண்டும், இரண்டும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். நம் ஈரத்தில் நாற்பது வருடம் கிடந்த வண்டியில், சேறு அடைந்த அச்சுக் குழாய்க்குள் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைக் கழற்றினால்தான் தெரியும். கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள்.

பெட்ரோல் டாங்கியைத் திறந்து கைவிளக்கு அடித்துத் துரு பாருங்கள். சிவப்பு பிளாஸ்டிக் மட்கார்டின் நிறத்தைச் சீட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்து நிறத்தோடு ஒப்பிடுங்கள். வெளுத்திருப்பது குறையில்லை, அது அசல் என்பதற்கு அடையாளம். சேகரிப்பவருக்கு வெடிக்காத அசல் பிளாஸ்டிக் எஞ்சினைவிடக் கிடைப்பதற்கு அரிது. டயர் பக்கச்சுவரில் வலைபோல் வெடிப்பு இருந்தால் மூன்று டயரின் விலையையும் கழித்துக்கொள்ளுங்கள்.

'எண்பத்தஞ்சு மாடல்' என்ற பேச்சுக்கு வண்டிச் சட்டத்தில் பொறித்த எண் பதில் சொல்லும். 1981 முதல் ஹோண்டாவின் ஏடிசிகளில் பதினேழு இலக்க எண் உண்டு. ஜப்பானில் செய்ததென்றால் ஜே, எச், 3 என்று தொடங்கும். பத்தாவது இடத்தில் இருக்கும் எழுத்துதான் வருடம். பி என்றால் 1981, சி என்றால் 1982. இப்படியே போய் எஃப் 1985, ஜி 1986, எச் 1987. எண் அரைத்துத் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த எண்ணுக்குத் துணையாக ஒரு தாளும் வேண்டும். கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவு அட்டை இதற்கு இருக்காது. ஏடிவி வகை வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட ஜேபிஜே அனுமதிப்பதில்லை. ஆகவே நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கான சுங்கத்துறைத் தாளோ பழைய விற்பனைச் சீட்டோ இருந்தால் அதற்கு விலை உண்டு. இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது வண்டியோடு ஒரு சந்தேகத்தையும். வேலிக்கு வெளியே கொண்டுபோக லோரியில்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாடல்களைப் பொறுத்தவரை என் வரிசை விலைப் பட்டியலுக்கு நேர் எதிராகப் போகும். சேகரிப்பாளர்கள் துரத்துவது 1985, 86இன் நீர்க்குளிர்ச்சி 250ஆர். இரண்டு ஸ்ட்ரோக், பந்தயத்துக்கென்றே வந்தது. மணலில் அது ஓர் அற்புதம். கோப்பெங்கின் மரங்களுக்கிடையே அதன் வேகத்துக்கு இடமே இல்லை. முன்னும் பின்னும் சாமான் தட்டு வைத்த 200இ, பிக் ரெட் என்று பெயர் பெற்றது, இந்தக் குடும்பத்தில் உழைக்கத் தெரிந்த ஒன்று. ஆனாலும் கழுத்து, அச்சு, தாள் மூன்றும் சரியாக இருக்கும் ஏடிசி110 கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மெதுவானது, எளியது, நம் ஃபோர்மேனின் கைக்குப் பழகியது. மெதுவாகப் போவது இந்த வண்டியில் குறையாகாது.

வேலைக்கு என்று வாங்குபவருக்கு என் தீர்ப்பு: நல்ல நிலையில் உள்ள பழைய கப்சாய் ஒன்று உங்கள் பக்கத்தில் என்ன விலைக்குப் போகிறதோ, அதற்கு மேல் ஒரு வெள்ளிகூட ஏடிசிக்குக் கொடுக்காதீர்கள். இரு பக்கமும் கூடை கட்டிய கப்சாய் அதே ஒற்றையடிப் பாதையில் அதைவிட அதிகம் சுமக்கும், தார் ரோட்டிலும் ஏறும், உதிரிப்பாகம் கோப்பெங் பட்டணத்திலேயே கிடைக்கும். சரிவு நிலமாக இருந்தால் அந்த விலைக்கும் வேண்டாம்.

சேகரிப்பவருக்குத் தீர்ப்பு வேறு. தாக்கேயுச்சியின் டயர் இன்றைய ஏடிவி முழுவதற்கும் மூலம். அதன் முதல் தலைமுறையில் ஒன்றைக் கெடாமல் வைத்திருப்பது பணத்துக்குத் தகுந்த வேலைதான். அசல் பிளாஸ்டிக், வெல்டிங் படாத கழுத்து, தேயாத எண், ஒரு தாள் ஆகிய நான்கும் இருந்தால் கூடுதலாகக் கொடுங்கள், பேரம் பேசி நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக்கோ தாளோ குறைந்தால் பாதி விலை. கழுத்து வெடித்திருந்தாலோ வெல்டிங் பட்டிருந்தாலோ அது உதிரிப்பாகத்துக்கு மட்டுமே. பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் விலைக்குச் சற்று மேலே நின்றுகொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகத் தேடுகிறவர்களுக்கு நான் விலை சொல்லப் போவதில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒன்று கிடந்தால், பெட்ரோலை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.